சின்னம்மாவின் பெயரில் வந்தவை

"அன்புள்ள நண்பருக்கு, கவிதை கிடைத்தது. இந்த முறையும் முதற்பக்கத்திலேயே போடுகிறோம். உங்கள் மைத்துனியாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரை ஒருநாள் நேரில் காண ஆவலாக இருக்கிறோம்."

இது அப்பாவின் பெயருக்குப் பாடசாலை விலாசத்தில் வந்த ஒரு தபாலட்டை. அனுப்பியவர் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சஞ்சிகை நடத்திய பத்திராதிபர். தபால் முத்திரையில் மார்ச் என்ற மாதத்தை வாசிக்க முடிகிறது. வருடம் இருந்த இடத்தில் மை பரவி ஒரு கறுத்த புள்ளிதான் மிச்சம். வருடத்தை நான் வேறு வழியில் எடுத்தேன். அப்போது நான் ஆறாம் வகுப்புச் சிறுமி. எங்கள் வகுப்பறையின் கூரையைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போனபோது ஏழாம் வகுப்பு. ஆகவே இது சூறாவளிக்கு முந்திய வருடம். உங்களில் என் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் தலைமுறை எல்லாவற்றையும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் அடுக்கி வைத்திருக்கிறது.

அட்டையை மறுபடி வெளியே எடுத்ததற்குக் காரணம் போன மாதம் தபாலில் வந்த ஒரு சஞ்சிகை. வந்தாறுமூலை வளாகத்தில் படித்து வெளியேறிய இளையவர்கள் சிலர் நடத்துவது. புதிய கவிதைகளும் புதிய சிறுகதைகளும்தான் அவர்களுடைய அக்கறை. நன்றாகச் செய்கிறார்கள். நான் முதல் இதழிலிருந்து சந்தாதாரர். இந்த இதழின் நடுவில் எட்டுப் பக்கத்தைப் பழையவர்களுக்கு ஒதுக்கி, மூன்று கவிதைகளையும் ஒரு சிறுகதையையும் மீள்பிரசுரம் செய்திருக்கிறார்கள். எழுதியவர் என்று என் அப்பாவின் பெயர் போட்டிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: தமது மைத்துனியின் பெயரையே புனைபெயராகக் கொண்டு எழுதியவர்.

அவற்றை எழுதியது அந்த மைத்துனிதான். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. எழுதியதை நான் என் கண்ணால் கண்டேன். நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். நாங்கள் இருந்த வீடு அம்மாவுடையது. வளவின் தெற்கு மூலையில் சின்னம்மாவுக்கென்று தொடங்கிய வீடு பாதியில் நின்றது. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் சில வரிசைக் கல் ஏறும், பிறகு நின்றுவிடும். அந்த வருடம் சுவர் சன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பின்னேரங்களில் சின்னம்மா அந்தச் சுவரில் ஏறிக் குந்திக்கொண்டு எழுதுவார். அவருக்கு அப்போது இருபத்திநான்கு வயது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஆனால் அப்பாவின் அலுமாரியில் இருந்த புத்தகங்களை இரண்டு தடவை வாசித்து முடித்திருந்தார்.

எழுதிய தாள்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அப்பா படிப்பித்த பாடசாலையில் கழித்த பரீட்சைத் தாள்கள் அவை. ஒரு பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் விடை, மறுபக்கம் வெறுமை. சின்னம்மாவின் கவிதையைத் திருப்பினால் கோணலாக வரைந்த இலங்கைப் படமும் அதன்மேல் அப்பாவின் சிவப்புப் புள்ளடியும் இருக்கும். பென்சிலால்தான் எழுதுவார். பெரிய, சாய்ந்த எழுத்து. வரியின் முடிவில் இடம் போதாமல் சொற்கள் தாளின் ஓரத்தில் கீழே இறங்கும். பச்சைச் சீமெந்தின் மணமும், வாவிப் பக்கமிருந்து வரும் சேற்று மணமும், தாளை மூக்கருகே பிடித்தால் வரும் பென்சில் மணமும் எனக்கு ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன.

சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் எழுதுபவர்களுக்கு ஒரு விதி அச்சிட்டிருந்தார்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், மையால், தெளிவாக எழுத வேண்டும். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோர்ப்பவர் ஒருவர்தான், அவருக்கும் பார்வை மங்கல். விளங்காத பிரதியைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுவார் என்று பேச்சு. ஆகவே சின்னம்மா எழுதுவதை அப்பா சுத்தப்பிரதி எடுப்பார். அப்பாவின் கையெழுத்தைப் பாடசாலைப் பரிசோதகர்களே மெச்சுவார்கள். பிரதியை உறையில் இட்டு, மண்முனைத் துறையில் பாதையேறி, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் சுமந்து வாவியைக் கடக்கும் அந்த மிதவையில் ஏறி, நகரத்துக்குப் போய்த் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வருவார். இதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. தாளின் அடியில் சின்னம்மாவின் பெயரைத்தான் எழுதினார்.

முதலாவது கவிதை அந்தச் சுவரைப் பற்றியது. சின்னம்மா எழுதியபடி இதுதான்:

சன்னல் மட்டும் எழும்பிய சுவரில்
குந்தியிருக்கிறேன்.
கதவு வைக்கும் நாளில்
என்னை உள்ளே வைப்பார்கள்.

அப்பா பிரதி எடுக்கும்போது 'குந்தியிருக்கிறேன்' என்பதை 'அமர்ந்திருக்கிறேன்' என்று மாற்றினார். சின்னம்மா பார்த்துவிட்டு, "அத்தான், சுவரில ஆர் அமருற? கதிரையிலதானே அமருற" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "அச்சில வாற சாமான் பிள்ள, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்" என்றார். எனக்குத் தெரிந்தவரை அப்பா மாற்றிய சொல் அது ஒன்றுதான். இன்றைய மீள்பிரசுரத்திலும் 'அமர்ந்திருக்கிறேன்' என்றே இருக்கிறது.

கவிதை வந்த இதழைப் பார்த்து அம்மா சந்தோஷப்படவில்லை. "பேரப் போட்டிட்டாங்களே" என்று மட்டும் சொன்னார். சின்னம்மா அந்தப் பக்கத்தை விரித்து, தன் பெயரை நகத்தால் தடவிப் பார்த்தார். மை பதிந்த இடம் தாளில் சற்றுப் பள்ளமாக இருந்தது. எனக்கும் தடவக் கொடுத்தார்.

ஆறு கவிதைகள் வந்த பிறகு, வைகாசியில் அம்மன் கோயில் சடங்குகள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்திராதிபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட ஒரு விமர்சகர். அப்பாவின் நாட்குறிப்பில் அன்றைக்கு "விருந்தினர் இருவர். இறால்" என்று இருக்கிறது. வாவி இறால் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் ஆக்கியது சின்னம்மா. முன் விறாந்தையில் பாய் விரித்துச் சாப்பாடு. நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றேன்.

பத்திராதிபர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க மாஸ்டர் உங்கட மைத்துனியார்? அவவக் காணத்தானே இந்த வெயிலுக்குள்ள பாதையேறி வந்திருக்கம்" என்றார்.

சின்னம்மா குழம்புச் சட்டியோடு அப்போதுதான் வெளியே வந்தார். அப்பா, "இந்தா நிக்கிறா. இவதான்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். விமர்சகருக்குப் புரையேறி, நான் தண்ணீர் கொடுத்தேன். "நல்ல ஆள்தான் மாஸ்டர் நீங்க," என்றார் அவர். "சோறு போட வந்த பிள்ளையப் பிடிச்சு முன்னுக்கு நிப்பாட்டுறீங்க."

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"சரி, சரி. அப்ப தங்கச்சி, சொல்லுங்க பாப்பம். அந்தக் கவிதையில வாற சுவர் எதுக்குப் படிமம்?"

சின்னம்மா சட்டியைக் கீழே வைக்கவில்லை. "அது எங்கட சுவர். அங்கால நிக்கிது. போய்ப் பாருங்க."

இப்போது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பத்திராதிபர், "பாடமாக்கியும் வச்சிருக்கிறார் மனிசன்" என்று அப்பாவின் முழங்காலில் தட்டினார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல வருடம் மறந்துபோயிருந்தேன். இப்போது அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். விருந்தினர் சிரிக்கும்போது வீட்டுக்காரர் சிரிப்பது போன்ற சிரிப்புத்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

குசினிக்குள்ளிருந்து அம்மா, "இறாலப் போட்டிட்டு இஞ்சால வாகா" என்று கூப்பிட்டார். சின்னம்மா போனார். கை கழுவும்போது விமர்சகர் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒரு பொம்புளை எழுதியிருந்தா அழுதிருப்பா மாஸ்டர். இதில அழுகையே இல்ல. தள்ளி நிண்டு பாக்கிற பார்வை. அது ஆம்பிளைக்குத்தான் வரும்."

நான் அவர்களை முட்டாள்கள் என்று எழுத வரவில்லை. நிறைய வாசித்தவர்கள். அந்த நாட்களில் மனைவியின் பெயரிலும் மகளின் பெயரிலும் எழுதிய ஆண்களை நீங்களும் அறிவீர்கள். ஒரு பெண் பெயரைக் கண்டால் பின்னால் நிற்கும் ஆணைத் தேடுவதுதான் தேர்ந்த வாசகருக்கு அடையாளமாக இருந்தது. பிரதியில் இருந்ததோ அப்பாவின் கையெழுத்து. கொண்டுவந்து கொடுத்தவரும் அப்பா. இலக்கியம் அறியாத ஒருவர், எங்கள் ஊர்த் தபால்காரரைப் போன்ற ஒருவர், அந்தப் பெயரை அப்படியே நம்பியிருப்பார்.

அவர்கள் போன பிறகு சின்னம்மா அப்பாவிடம், "அடுத்தத நானே எழுதி நானே கொண்டு குடுக்கிறன் அத்தான்" என்றார்.

"உன்ட எழுத்து அச்சகத்து மனிசனுக்கு விளங்காது பிள்ள."

"விளங்கத்தக்கதா எழுதுறன்."

என் இரட்டைக் கோட்டுக் கொப்பியில் மிச்சம் இருந்த தாள்களைக் கேட்டு வாங்கினார். இருபத்திநான்கு வயதில், கீழ்க் கோட்டிலிருந்து மேல் கோடு வரை, அ, ஆ என்று மறுபடி தொடங்கினார். ஆனி மாதம் முழுவதும் அதுதான் வேலை. மைப்பேனா பழகாத கை. நடுவிரலின் பக்கத்தில் மை ஊறி நீலமாகவே இருந்தது. சோறு குழைக்கும்போது அம்மா அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

அந்தக் கையால் எழுதியது ஒரு சிறுகதை. ஆடு விற்கப் போன ஒரு பெண், விற்காத ஆட்டோடு துறைக்குத் திரும்பி வருகிறாள். கடைசிப் பாதை போய்விட்டது. அக்கரையில் அவளுடைய வீட்டு விளக்குத் தெரிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அவள் இக்கரையில் நிற்பது தெரியாது. அவ்வளவுதான் கதை. பதினொரு பக்கம். ஒவ்வொன்றும் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்.

அச்சகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தனியே போக அம்மா விடவில்லை. பத்திராதிபர் அங்கே இல்லை. எழுத்துக் கோர்ப்பவர் மட்டும் சன்னலோரம் நின்று கோர்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த மரப்பெட்டிகளில் எழுத்துகள்.

"ஆரு தந்துவிட்ட?" என்றார்.

"ஆரும் தந்துவிடல்ல. நான் எழுதின."

அவர் முதல் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். "மாஸ்டர்ர எழுத்து எனக்குத் தெரியும் தங்கச்சி. கோர்த்துக் கோர்த்து விரலுக்கே பாடம். இது வேற எழுத்தெல்லோ."

"அவர் என்டதப் பாத்துத்தான் எழுதினவர்."

அவர் ஒரு தட்டிலிருந்து நூலால் கட்டிய சிறிய ஈயத் துண்டு ஒன்றை எடுத்துச் சின்னம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அடிக்கடி வரும் பெயர்களைக் கலைக்காமல் கட்டி வைப்பாராம். சின்னம்மாவின் பெயர், தலைமாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. "உங்கட பேரெண்டா இந்தா, பாருங்க. கதைய அவர் வந்தோடன குடுக்கிறன். எழுத்துக் கோர்க்கிறதுதான் எனக்கு வேலை. ஆர் எழுதின எண்டு சொல்லுற வேலை எனக்கில்ல."

திரும்பும்போது பாதையில் சின்னம்மா உற்சாகமாக இருந்தார். "அவர் முழுக்க வாசிச்சவர், கண்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். உண்மையில் அவர் முதற்பக்கத்துக்கு மேல் பார்க்கவில்லை. நான் ஓம் என்றேன்.

பதினெட்டு நாள் கழித்து அப்பாவின் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. பதினெட்டு என்பது என் கணக்கு. அப்பாவின் நாட்குறிப்பில் இரண்டு நாளும் இருக்கின்றன, "பிள்ளைகள் டவுன் போனது" என்றும் "கடிதம்" என்றும். கடிதத்தின் சொற்களை நான் ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன், அது இப்போது இல்லை. யாரோ ஒரு பெண் உங்கள் புனைபெயரைச் சொல்லிக்கொண்டு அச்சகத்துக்கு வந்து ஒரு கதையைக் கொடுத்திருக்கிறாள், கையெழுத்து உங்களுடையதல்ல, நடையும் உங்களுடையதல்ல, பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன், எச்சரிக்கையாக இருங்கள் என்று இருந்தது.

அப்பா முதலில் சிரித்தார். சின்னம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்தினார். "நான் எழுதி விளங்கப்படுத்துறன்" என்றார்.

அம்மா குசினி வாசலிலிருந்து, "என்னெண்டு எழுதுவீங்க?" என்று கேட்டார். "அண்டைக்கு அவங்க சிரிக்கக்குள்ள நீங்களும் சிரிச்சிட்டு இருந்த. மறுகா இப்ப வேற கதை சொன்னா ஆர் நம்புவாங்க? பழுகாமத்தில இருந்து ஒரு கலியாணப் பேச்சுக்கால் வந்து நிக்கிது. பிள்ளைர பேர் அச்சில அடிபடுற நேரமா இது? அவங்க உங்கள நினைச்சா நல்லதுதானே. ஆருக்கும் நட்டமில்லயே."

அம்மா கெட்டவர் அல்ல. கதை எழுதும் பெண் என்று தெரிந்தால், எந்தக் கதையில் எவனை எழுதினாள் என்று கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படித்தான் கேட்பார்கள்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "இப்போதைக்கு நான் பாத்து எழுதி அனுப்புறன். கதை வரட்டும். மறுகா சொல்லுவம்."

"மறுகா எண்டா எப்ப அத்தான்?"

"கலியாணம் முடியட்டும் பிள்ள."

சின்னம்மா பதினொரு தாளையும் அடுக்கி அப்பாவின் மேசையில் வைத்தார். "இந்தாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை நான் வாசிக்க, அப்பா எழுதினார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு பெரிய ஆளுக்குச் சொல்வதெழுதுதல் வைக்கிற சந்தோஷம். சின்னம்மா பின்பக்கம் உரலில் மாவிடித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நான் கிடாய் என்று வாசித்தேன். உலக்கை நின்றது. "கிடாய் இல்ல புள்ள, மறி. வடிவாப் பாத்து வாசி" என்று குரல் வந்தது. பெண்ணாடு என்பதால் கதைக்கு அது முக்கியம். அப்பா வெட்டித் திருத்தினார். மறுபடி உலக்கைச் சத்தம். அப்பா தன் சொல்லாக எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. அதற்கு நான்தான் சாட்சி. நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது: "சனி. மழையில்லை. கதை முடித்தேன்." பிரதியைத்தான் சொல்கிறார். படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

கதை வந்தது. கூடவே பத்திராதிபரின் கடிதம். அந்தப் பெண் களவாடியது உங்கள் கதையைத்தான் என்று இப்போது விளங்குகிறது, ஒரே கதைதான், ஆனால் உங்கள் கையிலேயே அது உயிரோடிருக்கிறது என்று எழுதியிருந்தார். சின்னம்மா அதை நின்றபடி வாசித்தார். தன் கதையைத் தானே திருடியவர் ஆகிவிட்டார். திருப்பி மேசையில் வைத்துவிட்டு, கோழிகளை அடைக்கப் போனார்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பழுகாமத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயும் மாமியும் வந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் மாமிக்காரி, "பிள்ளை கதையெல்லாம் எழுதுறவவாம் எண்டு கேள்விப்பட்டம்" என்றார்.

"சே, அது அவட அத்தான் எழுதுற," என்றார் அம்மா. "இவட பேர வச்சுக்கிடுவார், விளையாட்டுக்கு."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, "ஓம். நாந்தான்" என்றார்.

தன் வாயால் அவர் அதைச் சொன்னது அன்றுதான். சின்னம்மா கோப்பைகளை அடுக்கிய தட்டோடு நின்றார். அவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பார்த்தார் என்று எழுதினால் அது நான் சேர்ப்பதாக இருக்கலாம். நான் பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கலியாணம் நடந்தது. வீடு கூரை போட்டு முடிந்தது. மாப்பிள்ளை வழக்கப்படி எங்கள் வளவுக்கு வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். சின்னம்மா பரீட்சைத் தாள்களையும் கதையின் அந்தப் பதினொரு தாளையும் ஒரு துணியில் கட்டிப் பரணில் வைத்திருந்தார். அடுத்த வருடம் சூறாவளி அந்தக் கூரையையும் பரணையும் கொண்டுபோனது. விடிந்த பிறகு நானும் சின்னம்மாவும் வளவு முழுவதும் தேடினோம். என் கொப்பித் தாள் ஒன்று வேலியில் ஒட்டியிருந்தது. மை கரைந்து வெறும் நீலமாக இருந்தது. வீடு இல்லாமல் போனதால், மாப்பிள்ளையின் வயல் வட்டை பழுகாமத்தில் இருந்தபடியால், இருவரும் அங்கே போனார்கள்.

அப்பா அதற்குப் பிறகு எதையும் அனுப்பவில்லை. பத்திராதிபர் கேட்டபோதெல்லாம் நேரமில்லை என்றார். அந்த மௌனமும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது. ஆறு கவிதையோடும் ஒரு கதையோடும் பேனாவை வைத்துவிட்டவர் என்று கூட்டங்களில் பேசினார்கள். அப்பா இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுத்த நினைவு மலரில் அதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சின்னம்மா ஒரு பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தை வாசிப்பதைக் கண்டு பக்கத்தில் போய் இருந்தேன்.

"சின்னம்மா, இது பிழையெண்டு நான் சொல்லட்டா?"

"ஆரும் கேட்டவங்களா?"

"இல்ல."

"மறுகா என்ன?" என்றார். மலரை மடித்துப் பைக்குள் வைத்தார். "பந்திக்கு நேரமாகுது புள்ள. போய் இலையப் போடு." எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. போய் இலை போட்டேன். சின்னம்மா இறந்து இப்போது ஏழு வருடம்.

போன மாதம் இதழ் வந்ததும் அதன் ஆசிரியரான இளைஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"திருத்தம் போடலாம் அன்ரி. கட்டாயம் போடுவம். ஆதாரம் எண்டு ஏதும் இருக்கா? கையெழுத்துப் பிரதி?"

"இருக்கு. அப்பாட அலுமாரிக்குள்ள நாலு கவிதைட பிரதி கிடந்திச்சு."

"நல்லதாப் போச்சு. படம் எடுத்து அனுப்புங்க."

"அது அப்பாட கையெழுத்தில இருக்கு தம்பி."

"நாட்குறிப்பு மாதிரி ஏதும்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அந்தச் சனிக்கிழமையை வாசித்துக் காட்டவில்லை. கடைசியில், குடும்பத்தவர் ஒருவரின் கூற்று என்று வாசகர் பகுதியில் நான்கு வரி போடுவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அதே இதழில் ஒரு இளம் பெண்ணின் புதிய கவிதை இருக்கிறது. எங்கள் பெயர்களை இரவல் வாங்கி உடுத்துத் திரிந்த ஆண்களே, போதும், கழற்றித் தாருங்கள் என்று போகிறது. நல்ல கவிதை. கோபம் சரியான கோபம். அது பதில் சொல்வது, ஆண் எழுதியது என்று நம்பி, சின்னம்மாவின் சுவர்க் கவிதைக்கு. அந்தப் பிள்ளைக்கு எழுத நினைத்து இரண்டு கடிதம் தொடங்கினேன். இரண்டையும் முடிக்கவில்லை.

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் பழைய சஞ்சிகைகளைக் கட்டிச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று அறிந்து போனேன். "எடுத்துப் பாருங்க, ஒரு தாள் குறையாது" என்று கதிரை போட்டுத் தந்தார். ஆறு கவிதைகளின் இதழ்களையும் கண்டு குறித்துக்கொண்டேன். தொடர்ந்து புரட்டியபோது, சூறாவளிக்குப் பிந்திய இரண்டாம் வருடத்து இதழ்களில், ஒரு ஆணின் பெயரில் மூன்று கவிதைகள் இருந்தன. முன்பும் இல்லை, பின்பும் இல்லை. விலாசம் பழுகாமம் என்று மட்டும். ஒன்றில், வட்டையில் காவலிருக்கும் ஒருவன், வரம்பில் சோறு கொண்டுவரும் தன் மனைவியைத் தூரத்திலிருந்து பார்க்கிறான். அவள் நடுவில் நின்று எதையோ யோசிக்கிறாள், அவன் கூப்பிடவில்லை. நான் அதை நான்கு தடவை வாசித்தேன்.

பழுகாமத்தில் இருக்கும் சின்னம்மாவின் மகளைக் கேட்டேன். "அம்மா எழுதி நான் கண்டதே இல்லக்கா. கடுதாசி கூட அவ சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுற" என்றாள். அந்தப் பெயரில் யாரையும் அவளுக்குத் தெரியாது. கோயிலடியிலும் தபாற்கந்தோரிலும் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நான் கேட்டவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள்.

எனக்குத் தோன்றுவதை எழுதிவிடலாம். எழுதத்தான் இருந்தேன். ஆனால் அப்படி ஒருவர் இருந்திருந்தால்? வயல் செய்துகொண்டு, மூன்று கவிதை எழுதி, தன் சொந்தப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த ஒரு மனிதர் இருந்திருந்தால், இந்த வரிக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் சொல்வது, அன்று முன் விறாந்தையில் அந்த இருவரும் சொன்னதைவிட எந்த வகையில் மேல்? அந்தப் பெயரை இங்கே நான் தரவில்லை. அந்தப் பெயருடைய ஒருவர் பழுகாமத்தில் வாழ்ந்தாரா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.